கிழங்கின்மேல் விழுந்த பழி

நுழையும்முன்

தென்னிந்தியாவின் ஏழைக் குழந்தைகளை வாட்டிய கணைய நோய் ஒன்றுக்கு, அவர்கள் உண்ட மரவள்ளிக்கிழங்கே காரணம் என்று மருத்துவ உலகில் பலர் நெடுங்காலம் கருதினர். அக்கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வாறு சோதிக்கப்பட்டது, அதன் இடத்தில் இன்று எத்தகைய விளக்கம் நிற்கிறது என்பனவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மேல்வயிற்றில் வலி தோன்றுகிறது. முதுகுவரை ஊடுருவிச் செல்லும் கொடிய வலி அது. முன்புறம் குனிந்து முழங்கால்களைக் கட்டிக்கொண்டு அமர்ந்தால் சற்றே தணியும். சில நாள்களில் தானே மறையும். சில மாதங்கள் கழித்து மீண்டும் வரும். வீட்டார் அதனைப் பூச்சிவலி என்பர், வாய்வு என்பர், பள்ளிக்குச் செல்ல மனமின்றி நடிக்கிறான் என்பாரும் உண்டு. பதினைந்து, பதினாறு வயதில் வலி குறையத் தொடங்கும். பிள்ளை தேறிவிட்டான் என்று குடும்பம் மகிழ்ந்திருக்கும் வேளையில் தீராத தாகம் எடுக்கும், உடல் மெலியும். சோதித்துப் பார்த்தால் நீரிழிவு. உண்ட உணவின் கொழுப்பு செரிக்காமல் மலத்துடன் வெளியேறும். இவ்வாறு துன்புற்றவர்களுள் பலர் இளமை கடக்குமுன்பே மாண்டனர்.

கேரளத்து மருத்துவமனைகளில் 1960-களில் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் கேட்ட நோய் வரலாறு இது. இதற்குக் காரணமான உறுப்பு கணையம்.

குறுக்கே கிடக்கும் உறுப்பு

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் முன்புறமாக, வயிற்றின் குறுக்கே கிடக்கும் சுரப்பி கணையம். ஏறத்தாழ 15 செ.மீ. நீளமும் 100 கிராமுக்குக் குறைவான எடையும் கொண்டது. பழைய உரையாசிரியர்கள் ‘எழு’ என்னும் சொல்லுக்குக் ‘கணையமரம்’ என்று பொருள் எழுதுவர். கோட்டைக் கதவுக்குப் பின்னே குறுக்காக இடப்படும் மரமே கணையமரம். வயிற்றின் குறுக்கே மறைந்து கிடக்கும் உறுப்புக்குக் கணையம் என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமாக அமைந்துள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள். கிரேக்கர் இட்ட ‘பான்கிரியாஸ்’ என்ற பெயருக்கு ‘முழுதும் தசை’ என்பதே பொருள். எலும்போ குருத்தெலும்போ இல்லாத சதைத்துண்டு என்பதற்குமேல் அவர்களுக்கு அதனைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அதனுள் ஒரு நாளம் ஓடுகிறது என்பதை 1642-இல் இத்தாலியின் பாதுவா நகரில் விர்சுங் கண்டறிந்தார். 1869-இல் ஜெர்மனியைச் சேர்ந்த லாங்கர்ஹான்ஸ், அப்போது மருத்துவ மாணவர், நுண்ணோக்கியில் கணையத்தை ஆராய்ந்தபோது சிறுசிறு தீவுகள்போல் தனித்து நிற்கும் செல் கூட்டங்களைக் கண்டு பதிவு செய்தார். அவற்றின் பணி இன்னதென்று அவர் அறியவில்லை. இன்சுலினைச் சுரப்பவை அத்திட்டுகளே என்பது பின்னாளில் தெளிவாயிற்று. 1889-இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் நாய் ஒன்றின் கணையத்தை நீக்கியபோது அதற்கு நீரிழிவு உண்டானது. 1921-இல் பேண்டிங்கும் பெஸ்ட்டும் கனடாவில் மேற்கொண்ட ஆய்வு இன்சுலினை மருந்தாக்க வழிவகுத்தது. இவ்வரலாற்றை நீங்கள் அறிவியல் பாடத்தில் பயின்றிருப்பீர்கள். நமக்கு இங்கே வேண்டுவது கணையத்தின் மற்றொரு பணி.

கணையத்தின் பெரும்பகுதி இன்சுலின் சுரப்பதற்காக அமைந்ததன்று. நாள்தோறும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர்வரை செரிமான நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவதே அதன் பெருந்தொழில். அந்நீரில் மாவு, கொழுப்பு, புரதம் ஆகியவற்றைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அவற்றுள் டிரிப்சின் என்னும் நொதி புரதத்தைச் சிதைப்பது. இங்கே ஒரு வினா எழுகிறது. கணையமும் புரதத்தால் ஆனதுதானே? தான் உருவாக்கும் நொதியால் அது ஏன் சிதைவதில்லை?

டிரிப்சினைக் கணையம் செயலற்ற வடிவத்திலேயே உருவாக்குகிறது. குடலைச் சென்றடைந்த பின்னரே வேறொரு நொதி அதனைத் தூண்டி வேலை செய்ய வைக்கிறது. வழியில் ஓரிரு மூலக்கூறுகள் தவறி விழித்துக்கொண்டாலும் அவற்றைப் பற்றி அடக்குவதற்குக் கணையமே ஒரு காவல் புரதத்தையும் சுரந்து வைத்திருக்கிறது. 1948-இல் காசல் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அப்புரதத்தைப் பிரித்தெடுத்தனர். இந்தக் காவல் தளர்ந்தால் நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்து அதனையே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி என்பது இத்தகைய தன்செரிமானமே என்று ஹான்ஸ் கியாரி 1896-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். அழற்சி மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் மென்மையான சுரப்பி வடுவேறி இறுகும். நாளத்தில் சுண்ணாம்புக் கற்கள் படியும்.

மதுவருந்தாதவர்களின் நோய்

மேலை நாடுகளில் நாள்பட்ட கணைய அழற்சிக்கு முதன்மைக் காரணம் மது. ஆண்டுக்கணக்கில் குடித்த நடுவயது ஆண்களே அங்கே பெரும்பாலும் நோயாளிகள். ஆனால் 1959-இல் இந்தோனேசியாவில் பணியாற்றிய சூய்டெமா என்னும் மருத்துவர், மதுப்பழக்கம் காரணமாகாத, மெலிந்த ஏழை நோயாளிகளின் கணையத்தில் கற்கள் நிறைந்திருப்பதைக் கண்டு எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் கேரளத்து மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் அதே நோயை நூற்றுக்கணக்கானவர்களிடம் கண்டார். 1968-இல் கணைய நீரிழிவு பற்றித் தனி நூலே எழுதினார்.

அவர் காலத்தில் இன்றுள்ள அலகிடு கருவிகள் இல்லை. எளிய எக்ஸ் கதிர்ப் படமே துணை. முதுகெலும்பின் இருபுறமும் வெண்மணல் இறைத்தாற்போல் கற்கள் தெரிந்தால் நோய் உறுதி. இந்நோயாளிகளின் நீரிழிவிலும் ஒரு புதுமை இருந்தது. இன்சுலின் சுரப்பு முற்றும் குன்றிய பிற சிறுவர்கள் ஊசி தவறினால் விரைவில் மயக்கநிலைக்குச் செல்வர். இவர்கள் அவ்வாறு எளிதில் செல்வதில்லை. வெப்பமண்டல நாடுகளில் மிகுந்து காணப்பட்டதால் இதற்கு ‘வெப்பமண்டலக் கணைய அழற்சி’ என்று பெயரிட்டனர். பெயர் கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை.

சான்றுகள் சேர்ந்த விதம்

கேரளத்தில் ஏழைகளின் தட்டில் அன்றாடம் இருந்தது மரவள்ளிக்கிழங்கு. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. சோறின்றித் தவித்த திருவிதாங்கூர் மக்களைக் காத்தது இந்தக் கிழங்கே. தமிழகத்தின் குமரிப் பகுதி அப்போது திருவிதாங்கூருடன் இருந்தது. அங்கே இதற்குக் கப்பை என்ற பெயரும் உண்டு. சேலம், நாமக்கல் பகுதிகளில் குச்சிக்கிழங்கு என்பர். சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்வதும் இதுவே.

இக்கிழங்கினுள் லினமரின் என்னும் பொருள் இருக்கிறது. கிழங்கின் திசு சிதையும்போது அதிலிருந்து சயனைடு பிறக்கும். சிறிதளவு சயனைடை நம் உடல் மாற்றி வெளியேற்றிவிடும். ஆனால் அவ்வேலைக்குக் கந்தகம் தேவை. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் மீன், முட்டை, இறைச்சி, பருப்பு முதலியவற்றிலிருந்து கிடைப்பவை. கிழங்கை மட்டும் உண்டு, மீனோ பருப்போ வாங்க இயலாமல் வாழ்பவனின் உடல் அந்த நஞ்சை எவ்வாறு முறிக்கும்? முறிக்கப்படாத சயனைடு நாளடைவில் கணையத்தைச் சிதைக்கிறது என்பதே கருதுகோள்.

1979-இல் மக்மில்லனும் கீவர்கீசும் இக்கருத்தை விரித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். சயனைடு செலுத்தப்பட்ட எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்ததை அவர்கள் காட்டினர். நோய் மிகுந்த நிலப்பகுதியும் கிழங்கு மிகுந்த நிலப்பகுதியும் ஒன்றாக இருந்தன. நோயாளிகள் ஏழைகள், கிழங்கு ஏழைகளின் உணவு. வேதியியலும் பொருந்தியது. இத்தனையும் ஒருசேர அமைந்த கருதுகோளை ஐயுறுவது எளிதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 1985-இல் வெளியிட்ட நீரிழிவு வகைப்பாட்டில் ‘ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு’ என்று தனி வகையே இடம்பெற்றது. கணையக் கற்களால் வரும் நீரிழிவும் அவ்வகையுள் அடங்கியது.

தெரிந்து தெளிவோம்

மரவள்ளிக்கிழங்கின் தோலை நீக்கி, துண்டுகளாக நறுக்கி, மிகுதியான நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடுவது கேரளத்திலும் தமிழகத்திலும் உள்ள வழக்கம். சயனைடு பெருமளவு நீங்குவதற்கு இம்முறை உதவுகிறது. ஆப்பிரிக்காவில் கசப்பு வகைக் கிழங்கைப் பல நாள் ஊறவைத்தும் உலர்த்தியும் பயன்படுத்துவர்.

ஐயங்கள் எழுந்த விதம்

சென்னையில் நீரிழிவு மருத்துவர்களிடம் வந்த நோயாளிகளுள் கணையக் கற்கள் உடையவர்கள் பலர் இருந்தனர். அவர்களுள் மரவள்ளிக்கிழங்கை உண்ணும் வழக்கமே இல்லாதவர்களும் உண்டு. வட இந்தியாவிலும் இவ்வாறே. கிழங்கு உண்ணாத ஊரில் கிழங்கால் வரும் நோய் இருக்கலாகாது.

அடுத்து, கேரளத்திலேயே நோயாளிகளின் உணவும் நோயற்றவர்களின் உணவும் ஒப்பிடப்பட்டன. கேரளத்தில் நோயாளிகள் கிழங்கு உண்டவர்கள் என்பது மெய். ஆனால் அங்கே எல்லாருமே கிழங்கு உண்டனர். நோயற்றவர்களைவிட நோயாளிகள் மிகுதியாக உண்டார்களா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நரேந்திரநாதன், செறியான் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, கிழங்கு உண்பதற்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்று கூறியது. ஒப்பிடுவதற்கு ஒரு மறுதரப்பை வைத்துக்கொண்டால் பல காலம் வலுவாகத் தோன்றிய சான்று எவ்வாறு கரைகிறது என்பதை மாணவர்கள் இவ்விடத்தில் நின்று கவனிக்கவேண்டும். பட்டிமன்றத்தில் ஒருபக்கப் புள்ளிவிவரத்தைக் கேட்டுக் கைதட்டும் நமக்கும் இது பயன்படும்.

சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நீண்ட காலம் மரவள்ளிக்கிழங்கையே உணவாகக் கொடுத்துப் பார்த்தனர். 2000-இல் வெளியான அவ்வாய்வின்படி, எலிகளுக்குக் கணைய அழற்சியும் வரவில்லை, நீரிழிவும் வரவில்லை. 1979-இல் சோதிக்கப்பட்டது சயனைடு. இப்போது சோதிக்கப்பட்டது கிழங்கு. இரண்டும் ஒன்றல்ல.

ஊட்டக்குறைவு பற்றிய கருத்தும் தலைகீழாயிற்று. நோயாளிகள் மெலிந்திருந்ததால் மெலிவே நோய்க்குக் காரணம் என்று முன்பு எண்ணினர். ஆனால் உண்டால் வலி வரும் என்று அஞ்சி உணவைக் குறைப்பவன் மெலிவான். கணைய நீர் சுரக்காததால் கொழுப்பும் புரதமும் செரிக்காமல் போனால் மெலிவான். நீரிழிவு முற்றினாலும் மெலிவான். ஆகவே மெலிவு நோயின் விளைவாகவும் இருக்கலாம் அன்றோ? மேலும், கடும் ஊட்டக்குறைவு நிலவிய நாடுகள் பலவற்றில் இக்கற்கள் அரிதாகவே காணப்பட்டன. 1999-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ‘ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு’ என்ற வகையை நீக்கிவிட்டு, இந்நோயைக் கணைய நோய்களால் வரும் நீரிழிவோடு சேர்த்தது.

இதனால் கிழங்கு முற்றும் குற்றமற்றது என்று கொள்ளலாகாது. காங்கோ, மொசாம்பிக் முதலிய நாடுகளில் பஞ்ச காலங்களில் சரியாகப் பதப்படுத்தாத கசப்புக் கிழங்கை உண்டவர்களுக்குக் ‘கோன்சோ’ என்னும் நோய் வந்து கால்கள் முடங்கின. அதற்கு அக்கிழங்கின் சயனைடே காரணம். ஆனால் அது நரம்பு மண்டலத்தின் நோய், கணையத்தின் நோயன்று. ஒரு குற்றம் செய்தவன் ஊரிலுள்ள எல்லாக் குற்றங்களையும் செய்தவன் ஆகான்.

கிழங்கின்மீது சுமத்திய பழியில் மற்றொரு தீங்கும் இருந்தது என்பது இப்பாட ஆசிரியரின் கருத்து. வேறு உணவு வாங்க வழியற்ற தாயிடம், நீ ஊட்டிய கிழங்கே உன் பிள்ளையின் நோய்க்குக் காரணம் என்று கூறுவது எத்தகைய சுமை! ஆய்வாளர்கள் அவ்வாறு எண்ணிக் கூறவில்லை. அவர்கள் நோயாளிகளின்பால் இரக்கம் கொண்டே காரணம் தேடினர். கீவர்கீஸ் இல்லையேல் இந்நோய் இத்துணைத் தெளிவாக உலகுக்குத் தெரிந்திராது. ஆனாலும் அந்தத் தாய்க்கு அது குற்றச்சாட்டாகவே கேட்டிருக்கும்.

காவலில் ஒரு பழுது

விடையின் ஒரு பகுதி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கணைய அழற்சி சில குடும்பங்களில் தலைமுறைதோறும் தொடர்வதை அமெரிக்க மருத்துவர்கள் 1952-இலேயே பதிவு செய்திருந்தனர். 1996-இல் விட்கோம்பும் குழுவினரும் அத்தகைய குடும்பங்களில் டிரிப்சினை உருவாக்கும் மரபணுவிலேயே பிழை இருப்பதைக் கண்டறிந்தனர். கியாரி ஒரு நூற்றாண்டுக்கு முன் கூறியது மரபணுவின் வழியே மெய்ப்பட்டது.

2000-இல் ஜெர்மனியில் விட் என்பவரின் குழு, நாள்பட்ட கணைய அழற்சி கொண்ட சிறுவர்களிடம் மற்றொரு மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டது. டிரிப்சினை அடக்கும் காவல் புரதத்துக்குரிய மரபணு அது. ஸ்பிங்க்-1 என்பது அதன் பெயர். அப்புரதத்தின் 34-ஆம் இடத்தில் அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலத்துக்கு மாற்றாகச் செரின் அமர்ந்திருந்தது. இரண்டே ஆண்டுகளில் ஐதராபாத், தில்லி ஆய்வாளர்கள் இந்திய நோயாளிகளிடமும் வேறோர் ஆய்வுக் குழுவினர் வங்கதேச நோயாளிகளிடமும் அதே மாற்றத்தைப் பெரும் எண்ணிக்கையில் கண்டனர்.

இத்துடன் புதிர் அவிழ்ந்துவிட்டது என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் அம்மாற்றம் நோயற்றவர்கள் சிலரிடமும் உள்ளது. நோயாளிகள் பலரிடம் இல்லை. வேறு சில மரபணுக்களின் பங்கும் பின்னர் வெளிப்பட்டது. மாற்றமுற்ற மரபணு நோய்க்கு வாய்ப்பை மிகுவிக்கிறது. அது மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை. எனவே உணவு, சூழல் பற்றிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. கிழங்கைத் தண்டித்த அவசரத்தை மரபணுவிடம் மீண்டும் காட்டலாகாது.

185 பேரின் பதிவேடு

இந்நோயின் கொடிய முகம் ஒன்று இன்னும் சொல்லப்படவில்லை. சென்னையில் 185 நோயாளிகளைச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. சுரேஷ் சாரி, மோகன் முதலியோர் அதனை மேற்கொண்டனர். அக்காலத்தில் இறந்தவர்கள் 24 பேர். அவர்களுள் 6 பேரின் இறப்புக்குக் காரணம் கணையப் புற்றுநோய். எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பொதுமக்களிடையே அத்தகைய வயதில் கணையப் புற்றுநோய் மிக மிக அரிது. அதனோடு ஒப்பிடுகையில் இவர்களுக்கு ஏறத்தாழ 100 மடங்கு இடர் இருப்பதாக ஆய்வு கணித்தது. சிறிய எண்ணிக்கையிலிருந்து பெற்ற கணக்கு ஆதலால் 100 என்பதைத் துல்லிய அளவாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் இடர் மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. வேறு காரணங்களால் வரும் கணைய அழற்சியும் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று ஆறு நாடுகளின் 2,015 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டு காட்டியிருந்தது.

கணையப் புற்றுநோய் ஏன் இத்துணை அஞ்சப்படுகிறது? 2022-இல் உலகெங்கும் புதிதாக 5 இலட்சம் பேருக்குமேல் அது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 4.6 இலட்சம் பேருக்குமேல் அதனால் இறந்தனர். இரு எண்களுக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியே அந்நோயின் இயல்பைக் கூறும். மறைவான இடத்தில் உள்ள உறுப்பு; தொட்டறிய முடியாது. வலியோ மஞ்சட்காமாலையோ தோன்றும்போது பெரும்பாலும் நோய் பரவியிருக்கும். அறுவை மருத்துவம் செய்யத்தக்க நிலையில் வருவோர் ஐவரில் ஒருவர் அளவே.

ஆனால் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு சிறிது நம்பிக்கை தந்தது. முதல் மரபணு மாற்றம் நிகழ்ந்ததிலிருந்து முழுமையான புற்றுச்செல் உருவாகப் பத்தாண்டுகளுக்குமேல் ஆகிறது என்றும், அது பிற உறுப்புகளுக்குப் பரவும் ஆற்றலைப் பெற மேலும் பல ஆண்டுகள் ஆகின்றன என்றும் அது கணித்தது. அப்படியாயின் காலம் இருக்கிறது. கண்டறியும் வழிதான் இல்லை.

அவ்வழியைத் தேடுவோருள் முன்குறிப்பிட்ட சுரேஷ் சாரியும் ஒருவர். பின்னர் அமெரிக்காவில் அவர் செய்த ஆய்வு, 50 வயதுக்குமேல் புதிதாக நீரிழிவு வந்த 2,122 பேரைப் பின்தொடர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களுள் 18 பேருக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவுதான். ஆயினும் பொதுமக்களிடையே எதிர்பார்க்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு மிகுதி. அவர்களுக்கு நீரிழிவே புற்றின் முதல் அறிகுறியாக இருந்திருக்கிறது. உடல் பருக்காமல், மாறாக மெலிந்துகொண்டே வந்து, முதிய வயதில் திடீரெனச் சர்க்கரை உயர்பவர்களைத் தனியே பிரித்துச் சோதிக்கும் முறைகள் இப்போது ஆராயப்படுகின்றன.

வெப்பமண்டலக் கணைய அழற்சியின் தோற்றமும் இதற்கிடையே மாறிவிட்டது. நாடு தழுவிய நிலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான அறிக்கை, கீவர்கீஸ் காலத்து வருணனைக்கு முழுவதும் பொருந்தியவர்கள் நூற்றுக்கு நால்வர் அளவே என்று கூறியது. இன்று நோய் சற்று முதிர்ந்த வயதில், சற்று மென்மையாக வருகிறது. நொதி மாத்திரைகள், இன்சுலின், கற்களை அகற்றும் சிகிச்சைகள் எல்லாம் கிடைக்கின்றன. முன்பு இளமையிலேயே இறந்தவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் எட்டுகின்றனர்.

புற்றுநோய் வரும் வயதும் அதுவே. இவர்களின் கணையத்தைப் படம் எடுத்தால் வடுவும் கற்களும் நிறைந்திருக்கும். அவற்றிடையே சிறு கட்டி ஒன்று தோன்றினால் வேறுபடுத்திக் காண்பது கடினம். எனவே மருத்துவர்கள் படத்தை மட்டும் நம்புவதில்லை. பல ஆண்டுகளாக வலியின்றி இருந்தவருக்கு வலி மீண்டும் வந்ததா, காரணமின்றி எடை குறைந்ததா, கண் மஞ்சளித்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்கின்றனர்.